பெரிய மனையில் சிறிய பழைய வீடு: மேற்கு மாம்பலத்தில் ஒரு விலைக் கணக்கு

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மேற்கு மாம்பலத்தில் 40 அடி முகப்பும் 120 அடி ஆழமும் உள்ள 2 கிரவுண்டு (4,800 சதுர அடி) மனை. அதில் 1955 வாக்கில் கட்டிய, சுமார் 900 சதுர அடியுள்ள தரைத்தள வீடு. முன்பகுதி மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்குக் கட்டைகள்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அமைத்த பழைய பாணிக் கூரை. பின்னாலிருக்கும் சமையலறையும் ஓர் அறையும் பிற்காலத்தில் காங்கிரீட் தளம் போட்டுச் சேர்த்தவை. தெருவின் அகலம் ஏறத்தாழ 24 அடி. விற்பவர்கள் மூன்று வாரிசுகள். அவர்களில் ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார். "கட்டடத்துக்கு மதிப்பே இல்லை, மனை விலை மட்டும் கொடுத்தால் போதும்" என்கிறார் தரகர். நீங்களும் உங்கள் தம்பியும் சேர்ந்து வாங்கி, சில ஆண்டுகள் அங்கேயே குடியிருந்துவிட்டுப் பிறகு இடித்துக் கட்டலாம் என்று நினைக்கிறீர்கள். கேட்கும் விலை தகுமா என்பதை எப்படிக் கணிப்பது என்பது உங்கள் கேள்வி.

தரகர் சொல்வது ஒரு பில்டருக்குப் பொருந்தும்; உங்களுக்குப் பாதிதான் பொருந்தும். மறுநாளே இடிக்கப்போகிறவருக்கு அந்த வீடு அகற்ற வேண்டிய ஒரு சுமை. குடியிருக்கப் போகிற உங்களுக்கோ, உடனே கட்டியாக வேண்டிய கட்டாயத்தைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட உதவும் வசதி. ஆகவே வீட்டின் மதிப்பை அது உங்களுக்குக் கொடுக்கும் ஆண்டுகளைக் கொண்டு அளக்க வேண்டும். மனையின் மதிப்பை, சட்டப்படியும் நடைமுறையிலும் அதன்மேல் எவ்வளவு கட்ட முடியும் என்பதைக் கொண்டு அளக்க வேண்டும். இவை இரண்டும் தனித்தனிக் கணக்குகள். "இந்தத் தெருவில் சதுர அடி இவ்வளவு" என்ற ஒரே எண்ணால் 4,800-ஐப் பெருக்கி வருகிற தொகை இரண்டில் எதற்கும் விடையாகாது.

மனைக் கணக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, உயர்மாடி அல்லாத குடியிருப்புக் கட்டடங்களுக்கு எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது 4,800 சதுர அடி மனையில் ஏட்டளவில் 9,600 சதுர அடி கட்டலாம். கார் நிறுத்துவதற்கென்றே விடப்படும் தூண்தளம் இந்தக் கணக்கில் சேராது. கூடுதல் கட்டணம் செலுத்திப் பெறுகிற பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. அகலமான சாலைகளுக்கு உரியது. 24 அடித் தெருவில் அதை நம்பி யாரும் விலை பேசக் கூடாது. ஆனால் 9,600 என்பது மேல்வரம்பு மட்டுமே. நான்கு பக்கமும் விட வேண்டிய இடைவெளி, அனுமதிக்கப்படும் உயரம், தெருவின் அகலத்துக்கேற்ப மாறும் வீடுகளின் எண்ணிக்கை, கார் நிறுத்த வேண்டிய இடம் ஆகியவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதே உண்மையில் கட்டக்கூடிய பரப்பு. மனையின் வடிவம் விலையாக மாறுவது இந்தக் கழித்தலில்தான்.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எளிமைக்காக முன்னால் 10 அடி, பின்னாலும் பக்கவாட்டிலும் 6 அடி விடுவதாக வைத்துக்கொள்வோம். (உண்மையான அளவுகள் கட்டடத்தின் உயரத்தையும் சாலையையும் பொறுத்தவை, அவற்றை உரிமம் பெற்ற பொறியாளர் உங்கள் மனைக்கென்று வரைந்து காட்ட வேண்டும்.) உங்கள் 40-க்கு 120 மனையில் 28 அடி அகலமும் 104 அடி நீளமும் கிடைக்கும், ஒரு தளம் 2,912 சதுர அடி. தூண்தளத்துக்கு மேல் மூன்று தளம் என்றால் 8,736 சதுர அடி. குறியீடு 1.82 வரை எட்டுகிறது. இதே 4,800 சதுர அடி, 30 அடி முகப்பும் 160 அடி ஆழமுமாக இருந்தால் தளத்துக்கு 18 அடி அகலமும் 144 அடி நீளமும்தான் கிடைக்கும். 2,592 சதுர அடி வீதம் மூன்று தளத்துக்கு 7,776. குறியீடு 1.62. இன்னொரு தளம் போட்டு ஈடுகட்டலாமே என்றால், உயரம் கூடக் கூடப் பக்கவாட்டில் விட வேண்டிய இடமும் கூடும். அகலம் குறைந்த மனைக்கு அங்கேயும் அடி விழும். அதோடு 18 அடி அகலத்துக்குள் நடைவழியையும் படிக்கட்டையும் வைத்துவிட்டு, காற்றும் வெளிச்சமும் வருகிற அறைகளை அமைப்பது எளிதல்ல. அப்படிப்பட்ட வீடுகள் விற்பதும் சிரமம்.

இதைப் பணமாக மாற்றும் முறையும் எளிதுதான். பில்டர்கள் பின்னாலிருந்து கணக்குப் போடுவார்கள். முடிந்த வீடு என்ன விலைக்குப் போகும் என்பதில் தொடங்கி, கட்டுமானச் செலவு, அனுமதிக் கட்டணங்கள், வட்டி, தங்கள் இலாபம் ஆகியவற்றைக் கழித்துக்கொண்டே வந்தால், மிஞ்சுவதுதான் மனைக்குக் கொடுக்கக்கூடிய தொகை. முறை புரிவதற்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம்: முடிந்த வீடு சதுர அடி 15,000 ரூபாய், கட்டுமானமும் கட்டணங்களும் 5,000, இலாபமும் வட்டியும் விற்பனை விலையில் கால் பங்கு, அதாவது 3,750. மீதி 6,250. குறியீடு 1.82 எட்டுகிற மனையில் நிலத்தின் சதுர அடிக்கு 11,375 ரூபாய் தாங்கும், 1.62 எட்டுகிற மனையில் 10,125 ரூபாய்தான் தாங்கும். அதே தெரு, அதே பரப்பு, வித்தியாசம் 60 லட்சம். நீங்கள் இந்த மூன்று எண்களையும் மாற்றி, அந்தப் பகுதியில் இப்போது புதிதாகக் கட்டி விற்கிற வீடுகளின் உண்மையான விலையை வைத்துக் கணக்கிடுங்கள். விளம்பரத்தில் போடும் விலையையும் பேரம் முடிந்த விலையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வருகிற தொகைதான் உங்கள் போட்டியாளரான பில்டரின் உச்ச வரம்பு. அதைவிட மிக அதிகமாக வாரிசுகள் கேட்டால், அந்த விலையை ஏற்க ஆளில்லாமல் மனை காத்திருக்கும் என்பதைப் பேரத்தில் பொறுமையாகச் சொல்லலாம்.

இந்தக் கணக்கு முழுவதும் 4,800 என்ற எண்ணின்மேல் நிற்கிறது. ஆனால் அந்த எண்ணை யாரும் அளந்து பார்ப்பதில்லை. பழைய பத்திரங்களில் "2 கிரவுண்டு" என்று எழுதியிருக்கும். நகர நில அளவைப் பதிவேட்டில் சற்றுக் குறைவாக இருக்கும். இடத்தில் போய் அளந்தால், பக்கத்து வீட்டு மதில் அரை அடி உள்ளே வந்திருக்கும். பின்பக்கம் யாரோ ஒரு கழிவறைச் சுவரை எழுப்பியிருப்பார்கள். பத்திரம், பதிவேடு, நேரடி அளவு ஆகிய மூன்றில் எது குறைவோ அதுவே கட்டட அனுமதிக்கு நடைமுறையில் செல்லுபடியாகும் என்று எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள். 40 அடி அகலத்தில் பக்கத்துக்கு அரை அடி போனால்கூட, 120 அடி ஆழத்துக்கு 120 சதுர அடி போய்விடும். தெருவையும் அளந்துவிடுங்கள். "24 அடித் தெரு" என்பது பேச்சு வழக்கு. படிக்கட்டுகளும் சாய்தளங்களும் தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களில் எதிரெதிர் மதில்களுக்கு இடைப்பட்ட அளவு ஒன்றாகவும், பதிவேட்டில் உள்ள அளவு வேறாகவும் இருக்கும். சாலையை அகலப்படுத்தும் திட்டம் அந்தத் தெருவுக்கு உண்டா என்பதைச் சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாம் முழுமைத் திட்ட வரைபடத்திலும் மாநகராட்சியிலும் கேட்டறிவது உங்கள் பொறியாளரின் வேலை. முன்னால் சில அடிகளை விட்டுக்கொடுக்க நேர்ந்தால் மேலே போட்ட கணக்கு அத்தனையும் மாறும்.

தெருக்குத்து, மனை வடிவம், வாசல் பார்த்த திசை ஆகியவற்றில் உங்களுக்கு நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். சென்னையில் வாங்குபவர்களில் பலருக்கு உண்டு. இவற்றில் குறையுள்ள மனையை நீங்கள் விற்கும்போது வாங்க வருவோரின் வட்டம் சுருங்கும் என்பதால், வாங்கும்போதே அதற்கான கழிவைக் கேட்டு வாங்குவது நியாயம்தான்.

இனி மண். 1920-களில் மாம்பலம் ஏரியை வடித்துத்தான் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ சாலை இருப்பது அந்த ஏரியின் மிச்சம். இப்பகுதியில் பல இடங்களில் களிமண் ஆழமாக இருக்கிறது. களிமண் மழையில் ஊறி உப்பும், கோடையில் காய்ந்து சுருங்கும். ஆழமில்லாத அடித்தளம் உள்ள பழைய வீட்டின் சுவர்கள் இந்த அசைவைத் தாங்க வேண்டியிருக்கிறது. பெசன்ட் நகர், அடையாறு பக்கத்து மணற்பாங்கான மனையில் சாதாரண அடித்தளத்தோடு முடிகிற வேலைக்கு, களிமண்ணில் ஆழமாகத் தூண்களை இறக்கி அமைக்கும் பைல் அடித்தளம் தேவைப்படலாம். அந்தச் செலவு பின்னால் உங்கள் தலையில்தான் விழும். ஆகவே ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே, விற்பவரின் அனுமதியோடு ஓரிடத்திலாவது துளையிட்டு மண் பரிசோதனை செய்வதை வலியுறுத்துகிறேன். பேசப்படும் கோடிகளோடு ஒப்பிட்டால் அதற்காகும் செலவு மிகச் சிறிது. இருந்தும் சென்னையில் மனை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

வெள்ளம் பற்றித் தனியாகக் கேளுங்கள். விற்பவரிடம் கேட்பதைவிட எதிர் வீட்டாரிடமும் தெருமுனை மளிகைக்கடைக்காரரிடமும் கேட்பது நல்லது. 2015 டிசம்பர், 2021 நவம்பர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஆகிய மூன்று சமயங்களிலும் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது, எத்தனை நாள் நின்றது, வீட்டுக்குள் ஏறியதா என்று காலத்தைக் குறிப்பிட்டுக் கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும். சென்னையின் பழைய வீடுகள் பலவற்றுக்கு உள்ள குறை இங்கேயும் இருக்கும் என்றே எதிர்பாருங்கள்: பழைய தார்ச்சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே திரும்பத் திரும்பச் சாலை போட்டதில், கட்டும்போது தெருவைவிட இரண்டு மூன்று படி உயரத்தில் இருந்த வாசல், இப்போது தெருவைவிடத் தாழ்ந்து போயிருக்கும். நீர்மட்டக் குழாய் ஒன்றை வைத்துச் சாலையின் நடுமட்டத்துக்கும் வீட்டின் தரைமட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை அளந்துகொள்ளுங்கள். தரை தாழ்ந்திருந்தால், கழிவுநீர் வெளியேறும் குழாயும் தாழ்ந்திருக்கும். மழைக்காலத்தில் தெருவிலுள்ள மெஷின் ஹோல் (பாதாளச் சாக்கடைத் தொட்டி) நிரம்பினால் கழிப்பறை வழியாகவே தண்ணீர் திரும்பி வரும். இப்படிப்பட்ட வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்கி உயர்த்துகிற வேலை இப்போது சென்னையில் பரவலாக நடக்கிறது. ஆனால் சில ஆண்டுகளில் இடிக்கப்போகிற, சுண்ணாம்புக் காரையால் கட்டிய வீட்டுக்கு அந்தச் செலவைச் செய்யச் சொல்ல மாட்டேன். தரைமட்டம் சாலைக்குக் கீழே கணிசமாக இருந்தால், குடியிருக்கும் திட்டத்தையே கைவிட்டு, வெறும் மனையாக விலை பேசுங்கள்.

தரைமட்டம் சரியாக இருக்கிறது என்றால், வீட்டை உண்மையாகவே பரிசோதிக்க வேண்டும். முன்பகுதியின் மெட்ராஸ் டெரஸ், பலரும் நினைப்பதுபோல் முதலில் கழித்துக்கட்ட வேண்டிய ஒன்றல்ல. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றுக்குக் குறுக்கே மூலைவாட்டாகச் சிறு செங்கற்களை நிறுத்திவைத்துச் சுண்ணாம்புக் காரையில் பூட்டி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தளவோடு பதித்த கூரை அது. கட்டைகள் காய்ந்திருக்கும்வரை அதற்கு ஒன்றும் ஆவதில்லை. கெடுவது கட்டையின் நடுவில் அன்று; சுவருக்குள் செருகியிருக்கும் முனையில்தான். கைப்பிடிச் சுவரின் அடியிலும் மழைநீர்க் குழாயின் வாயிலும் கசிகிற நீர் முதலில் அங்கேதான் போய்ச் சேரும். ஆகவே ஒவ்வொரு கட்டையின் இரு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். நுழைந்தால் மரம் உளுத்துவிட்டது. கறையான் மண்கோடுகள், கட்டைகளுக்கிடையே உதிர்ந்த காரை, நூல் பிடித்துப் பார்த்தால் தெரிகிற தொய்வு ஆகியவை அடுத்தடுத்த அறிகுறிகள். இரண்டு மூன்று கட்டைகள் மட்டும் கெட்டிருந்தால், கீழே இரும்புத் தாங்கி கொடுத்துப் பல ஆண்டுகள் ஓட்டலாம். மேலே நீர்த்தடுப்பு என்ற பெயரில் யாராவது சிமென்ட்டை அடுக்கடுக்காகப் பூசியிருந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்: எடை கூடியிருக்கும், உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் இருக்கும்.

நான் அதிகம் அஞ்சுவது பின்னாலிருக்கும் காங்கிரீட் தளத்தைப் பற்றித்தான். அந்தக் காலத்துச் சிறு வீடுகளில் கம்பிக்கு வெளியே காங்கிரீட் மிக மெலிதாகவே இருக்கும். ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடித்தால் பருத்து, அடிப்பக்கத்தைப் பெயர்த்துத் தள்ளும். கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக விரிசல்கள் தெரிவதும், பழுப்புக் கறைகளும், சிறு சுத்தியலால் தட்டினால் வெற்றொலி கேட்பதும் இதன் அடையாளங்கள். சமையலறையின் மேற்கூரையில் வெள்ளை அடித்து மறைத்திருப்பார்கள். தட்டிப் பார்க்காமல் நம்ப வேண்டாம். ஓரிரு இடங்களில் மட்டும் என்றால் பெயர்ந்ததை நீக்கி, கம்பியைச் சுத்தம் செய்து பழுது பார்க்கலாம். தளம் முழுவதும் வெற்றொலி என்றால் அந்தப் பகுதியை உடனே இடிப்பதற்கான செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்கள் புழங்குகிற இடத்தின் மேல் பெயர்ந்து விழும் காங்கிரீட்டோடு விளையாட முடியாது. சுவர் விரிசல்களில் எல்லாமே ஆபத்தானவை அல்ல. காங்கிரீட் தளத்துக்குச் சற்றுக் கீழே, சுவர் நெடுகப் படுக்கையாக ஓடும் மெல்லிய கோடு, வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. சென்னையில் அது இல்லாத வீடு அரிது. சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுபோல் சரிந்து இறங்கி, கீழே போகப் போக அகலமாகும் விரிசலானால் அடித்தளம் இறங்கியிருக்கக்கூடும். சுவரோரம் வேம்போ மாவோ நின்றால் அதன் வேரையும் சேர்த்துச் சந்தேகிக்கலாம்.

மின்கம்பிகளையும் கழிவுநீர்க் குழாய்களையும் பரிசோதிப்பதில் காலத்தைச் செலவிட வேண்டாம். முழுவதும் மாற்ற வேண்டும் என்றே வைத்துக்கொண்டு மதிப்பீடு வாங்கிவிடுங்கள்.

இப்போது வீட்டின் மதிப்பை எண்ணாகப் பார்க்கலாம். வங்கியின் மதிப்பீட்டாளர் போடும் தேய்மானக் கணக்கு இப்படி இருக்கும்: இன்று புதிதாகக் கட்ட ஆகும் செலவு சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று கொண்டால் 900 சதுர அடிக்கு 22.5 லட்சம், மொத்த ஆயுள் 80 ஆண்டு, வயது 70, இடிபொருள் மதிப்பு 10 சதவீதம், தேய்மானம் ஏறத்தாழ 79 சதவீதம், மிச்சம் 4.8 லட்சம் அளவில். உங்கள் கணக்கு வேறு. அதே பகுதியில் அதே அளவு வீட்டுக்கு மாதம் 35,000 ரூபாய் வாடகை கொடுக்க வேண்டியிருக்கும் என்றும், பழுது பார்க்க 12 லட்சம் ஆகும் என்றும், 8 ஆண்டு தங்குவீர்கள் என்றும் வைத்துக்கொண்டால், மிச்சமாகும் வாடகை 33.6 லட்சம், பழுதுச் செலவு போக 21.6 லட்சம். 3 ஆண்டுதான் தங்குவீர்கள் என்றால் மிச்சம் வெறும் அறுபதாயிரம்தான். எனவே அந்த வீட்டுக்கு என்ன மதிப்பு என்பது, நீங்களும் உங்கள் தம்பியும் எத்தனை ஆண்டு இருக்கப்போகிறீர்கள் என்று மனத்துக்குள் உறுதியாக முடிவு செய்வதைப் பொறுத்தது. இந்தத் தொகையை விற்பவரிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. பில்டரின் உச்ச வரம்புக்கு மேல் எவ்வளவு தூரம் நீங்கள் போகலாம் என்பதை அது உங்களுக்குச் சொல்கிறது. கடைசியில் இடிக்கும்போது, முன்பகுதிக் கட்டைகளும் கதவு, நிலைகளும் பர்மா தேக்காக இருந்தால், இடிக்கும் ஒப்பந்தக்காரர் உங்களிடம் பணம் கேட்காமல் உங்களுக்கே கொடுத்துவிட்டு இடிப்பதும் உண்டு. ஆனால் அதை வாங்கும் விலையில் சேர்த்துக் கற்பனை செய்ய வேண்டாம்.

இடிக்காமல் மேலே ஒரு மாடி எழுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சுண்ணாம்புச் சுவரும் ஆழமற்ற அடித்தளமும் அதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. பின்பக்கக் காலியிடத்தில், பழைய வீட்டைத் தொடாமல், தனித் தூண்களில் தம்பிக்கென்று ஒரு சிறு வீடு கட்டுவது நடக்கக்கூடியது. அதற்கும் முறையான அனுமதி வேண்டும். மனை உரிமையாளரே சான்றளித்து அனுமதி பெறுகிற, 2024-இல் வந்த சுயசான்று முறை 2,500 சதுர அடி வரையிலான மனைகளுக்குத்தான் என்பதால் உங்கள் மனைக்கு அது பொருந்தாது. மனையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால், 40 அடி முகப்பை நெடுக்காகப் பிரித்து ஆளுக்கு 20 அடி என்று ஆக்குவது மேலே சொன்ன காரணத்தால் மதிப்பைக் கெடுக்கும். குறுக்காகப் பிரித்தால் பின்மனைக்குத் தனிவழி விட வேண்டும். அதுவும் நிலத்தைத் தின்னும். சேர்ந்தே கட்டிக்கொண்டு, வீடுகளைப் பிரித்து, நிலத்தைப் பிரிக்கப்படாத பங்காக வைத்துக்கொள்வதே இந்த வடிவ மனைக்கு ஏற்றது.

உடைமை ஆவணங்களை வழக்கறிஞர் பார்ப்பார். இருந்தாலும் பெரிய பழைய மனைகளுக்கே உரிய சிலவற்றை அவரிடம் நீங்களே கேட்க வேண்டும். 1978-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் 1999-இல் நீக்கப்பட்டது. ஆனால் அதற்குமுன் எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் சில மனைகளின் பதிவுகளில் இன்னும் நிற்கின்றன. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற இடங்களில் கட்டடம் மட்டும் ஒருவருக்குச் சொந்தமாகவும் அடிமனை கோயிலுக்குச் சொந்தமாகவும் இருப்பது உண்டு. மேற்கு மாம்பலமாயினும் தாய்ப்பத்திரம்வரை போய்ப் பார்த்து, வாங்கியது நிலமா, கட்டடமா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பின்கட்டிலோ கார் ஷெட்டிலோ நெடுநாள் வாடகைதாரர் ஒருவர் இருந்தால், அவர் காலி செய்த பிறகே பேச்சு. வாரிசுச் சான்றிதழில் உள்ள அத்தனை பேரும், மகள்கள் உட்பட, கையெழுத்திட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று பொதுவாக 1975 முதல்தான் இருக்கும். அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லுங்கள்.

செலவுகளில் பலர் மறப்பது பதிவுச் செலவு. முத்திரைத் தீர்வை 5, சொத்து மாற்ற வரி 2, பதிவுக் கட்டணம் 2 என மொத்தம் 9 சதவீதம். பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதன்மேல். மாதிரிக் கணக்கின் 11,375 ரூபாயை வைத்தால் மனை விலை 5.46 கோடி, அதற்கு 49 லட்சத்துக்கு மேல் பதிவுச் செலவு. வழிகாட்டி மதிப்பு சந்தை விலையைக் காட்டுவதில்லை. 2017-இல் அது 33 சதவீதம் குறைக்கப்பட்டது. 2023-இல் மீண்டும் பழைய நிலைக்கு உயர்த்தப்பட்டது. அந்த இரண்டு சமயங்களிலும் தெருவில் நடந்த பேரங்கள் அதே அளவில் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. பக்கத்து மனைகள் பதிவான தொகையைப் பார்ப்பது பயனுள்ளதுதான், ஆனால் அதை விலையின் கீழ்வரம்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கடன் வாங்குவதானால் இன்னொன்று: கட்டடத்தின் மீதி ஆயுள் கடன் காலத்தைவிடக் குறைவு என்று மதிப்பீட்டாளர் எழுதினால், வீட்டுக் கடனாகக் கிடைக்காமல் மனைக் கடனாக மாறலாம்; அதற்கு நிபந்தனைகள் வேறு. விலை பேசுவதற்கு முன்பே வங்கியிடம் கேட்டுவிடுங்கள்.

அமெரிக்காவில் உள்ள வாரிசு பற்றி இரண்டு எச்சரிக்கைகள். அவர் தமக்காக இங்கே ஒருவர் கையெழுத்திட அனுப்பும் அதிகார ஆவணம் (பவர் ஆஃப் அட்டர்னி) அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ அதற்குரிய அதிகாரியிடமோ சான்றுபெற்றதாக இருக்க வேண்டும். இந்தியாவுக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியிருக்க வேண்டும். அடுத்தது வரி. இந்தியாவில் வசிக்கும் விற்பனையாளருக்குக் கொடுக்கும் தொகையில் 1 சதவீதம் பிடித்தம் செய்தால் போதும். வெளிநாட்டில் வசிப்பவரின் பங்குக்கு அந்த விதி பொருந்தாது. அவர் பங்கில் மூலதன ஆதாய வரி விகிதத்திலேயே பிடித்துக் கட்ட வேண்டிய பொறுப்பு வாங்குகிற உங்களுடையது. அவர் வருமான வரி அலுவலகத்தில் குறைந்த பிடித்தத்துக்கான சான்று வாங்கிக் கொடுத்தால் மட்டுமே அதைக் குறைக்கலாம். அதற்குக் காலம் பிடிக்கும். இதைக் கடைசி வாரத்தில் பேசினால் பேரம் முறியும்.

ஆகவே விலை ஒத்துவந்தால், முன்பணத்தைச் சிறிதாக வைத்து, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் அது கட்டாயமும்கூட. அதில் நில அளவையில் 4,800 சதுர அடிக்குக் குறைந்தால் சதுர அடிக்கு இவ்வளவு கழியும் என்றும், மண் பரிசோதனைக்கும் கட்டடப் பரிசோதனைக்கும் அனுமதி உண்டு என்றும், மூன்று வாரிசுகளும் சேர்ந்து கையெழுத்திடுவார்கள் என்றும், வெளிநாட்டு வாரிசின் வரிச் சான்று வரும்வரை பதிவுக்கான கெடு நீளும் என்றும், வாடகைதாரர் எவரும் இல்லாத வீடாக ஒப்படைப்பார்கள் என்றும் தனித்தனி நிபந்தனைகளாக எழுதிக்கொள்ளுங்கள். அளவு குறைந்தால் விலை கழியும் என்ற நிபந்தனையை மட்டும் விற்பவர்கள் எதிர்த்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே நில அளவரை உங்கள் செலவில் அழைத்துப்போய் நான்கு மூலைகளிலும் கல் நட்டுவிடுங்கள்.